நான் வெட்டிய மூன்றாவது பாட்டு

"கொன்னது மேனேஜர்தான்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் லோகா டீச்சர்.

ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கோயில் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்னதானம் முடிந்து தரையைத் துடைத்திருந்தார்கள். சாம்பார் வாசனையும் பினாயில் வாசனையும் சேர்ந்து ஒரு மாதிரியாக இருந்தது. சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, எதிரே மேசையில் டீச்சரின் மடிக்கணினியை வைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அதற்குள் டீச்சர் வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் இருந்த கண்ணையா எல்லாருக்கும் முதலில் கையைத் தூக்கினான். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பவனைப் போல விறைப்பாகத் தூக்கினான். பாலோ, குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள் எல்லாரும் அவனோடு சேர்ந்து தூக்கினார்கள்.

"டாக்டர்தான்னு நினைக்கிறவங்க?"

ஜொகூர் பாருக்காரர்களும், சிங்கப்பூரில் இருந்து வந்து குடியேறிய இரண்டு பேரும் தூக்கினார்கள்.

"அலமாக், பாலோக்காரங்க எல்லாருக்கும் ஒரே மண்டையா லா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். சிரித்தார்கள்.

நான் இரண்டுக்கும் கை தூக்கவில்லை. பாலோக்காரர்கள் எல்லாருக்கும் ஏன் ஒரே மண்டை என்பது அந்த மண்டபத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

கை தூக்காத இன்னொருவரும் இருந்தார். முன்வரிசையில், அந்தக் கோடியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பாக்கியம் அக்கா. கண்ணையாவின் அண்ணி. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவனிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

படத்தின் பெயர்

படத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தத் தொடரில் கப்பல் பட்டறையைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்கே மூன்று பேர் பத்திரிகை ஆசிரியருக்கு போன் போட்டு, நான் சொன்ன கிரேன் வேறு கிரேன் என்று சண்டை பிடித்தார்களாம். படத்தின் பெயரைப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

கதையை மட்டும் சொல்கிறேன். மலைமேல் ஒரு பங்களா. பணக்காரர் ஒருவர், அவர் மனைவி. பங்களாவைப் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர். மேனேஜருக்கு ஒரு கோளாறு. சில சமயம் என்ன செய்தோம் என்பது அடியோடு மறந்துபோகும். அதற்கு மருந்து கொடுக்க ஒரு டாக்டர் வந்து போவார்.

ஒரு விருந்து நாளில் பணக்காரர் மாடியிலிருந்து விழுந்து சாகிறார். யார் தள்ளியது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கே இருந்தோம் என்பது மேனேஜருக்கு ஞாபகம் இல்லை. டாக்டர் தினமும் அவனை உட்கார வைத்துப் பேசுகிறார். யோசித்துப் பார், யோசித்துப் பார் என்கிறார். கடைசியில் மேனேஜர் ஒரு நாள் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷன் படியேறி, "நான்தான்" என்கிறான். அவ்வளவுதான் படம்.

நான் கேசட்டில் பார்த்த படமும் இதுதான். டீச்சர் தியேட்டரில் பார்த்த படமும் இதுதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

பாட்டை எடுத்துடு

தமிழ்ப்பள்ளி முடிந்து போகும் புகுமுக வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரும் விரட்டவில்லை. ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்காமல் அப்படியே போய்விட்டேன். அதற்குப் பிறகு பார்த்த வேலைகளை இந்தத் தொடரில் ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறேன். ஒன்றில் காலில் கம்பி ஏறியது. ஒன்றில் மூன்று மாதம் லாரிக்கு அடியில் படுத்தேன். இருந்ததிலேயே நிழலான வேலை குளுவாங்கில் வீடியோ கடையில் இருந்த இரண்டு வருடம்தான்.

முதலாளி காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம். அப்பா காலத்தில் ஜவுளி வைத்திருந்த கடையில் இவர் கேசட் அடுக்கினார். நல்ல மனிதர். சினிமா பார்க்கமாட்டார். சினிமா பார்த்தால் தலைவலி வரும் என்பார்.

ஒரு கேசட் வந்தால் பத்தாகப் பெருக்குவது என் வேலை. இரண்டு மெஷினை ஒயரால் இணைத்து, இதில் ஓடுவதை அதில் பதிய வேண்டும். பழைய தமிழ்ப் படங்கள் நீளம். எங்களிடம் இருந்த காலிக் கேசட் மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும். முடிவு வருவதற்கு முன் நாடா தீர்ந்துபோகும். அப்படித் தீர்ந்துபோய், கதாநாயகி கல்யாணம் செய்துகொண்டாளா இல்லையா என்று தெரியாமல் ஒரு தோட்டமே கடைக்கு வந்து சத்தம் போட்டது உண்டு.

முதலாளியிடம் கேட்டேன்.

"பாட்டை எடுத்துடு" என்றார்.

"எல்லாப் பாட்டுமா?"

"தேவையான அளவு எடு. பாட்டுத்தான் ரேடியோவுல வருதே. கதை ரேடியோவுல வருமா?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. வாடிக்கையாளர்களுக்கும் அதில் சந்தோஷம். "துப்பறியும் படத்துல பாட்டு எதுக்கு வீடியோ? வெட்டிக் குடு" என்று அவர்களே சொல்வார்கள். வீடியோ என்பதுதான் அப்போது என் பெயர். பாலோ பக்கத்தில் எனக்கு இன்றும் அதுதான் பெயர்.

வெட்டுவது என்றால் கத்தரிக்கோல் இல்லை. பாட்டு தொடங்கும்போது பதியும் மெஷினை நிறுத்திப் பிடிக்க வேண்டும். முடியும்போது விட வேண்டும். கொஞ்சம் அதிகம் பிடித்தால் மெஷின் தானாக அணைந்துவிடும். அதனால் பாட்டு ஓடும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. மெஷினில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் படத்தில் ஆறு பாட்டு. நான்கை எடுத்தேன். மூன்றாவது பாட்டு விருந்துப் பாட்டு. பணக்காரரின் மனைவி வீணை வாசித்துப் பாடுவாள். ரொம்ப நீளம். அதைத்தான் முதலில் எடுத்தேன்.

கேசட் திரும்பி வராத வீடு

வாரம் ஒரு நாள் கடையின் கப்சாய் மோட்டார் சைக்கிளில் இரண்டு பை கேசட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவேன். போன வாரத்துக் கேசட்டை வாங்கிக்கொண்டு இந்த வாரத்துக் கேசட்டைக் கொடுப்பேன். பாலோவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் கண்ணையாவைப் பழக்கம். என் வயதுதான். ஆள் வாயாடி.

நான் அந்தப் படத்தைக் கொண்டுபோன மாதத்தில் அவன் வாயாடவில்லை. தலையில் கட்டு.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அண்ணனும் தம்பியும் குளுவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். அண்ணனின் மோட்டார் சைக்கிள். மதியச் சாப்பாடு முடிந்து, கொஞ்சம் குடித்துவிட்டு, திரும்பி வரும் வழியில் மழை. தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் பாலம். வண்டி பாலத்துக் கட்டையில் மோதிக் கிடந்தது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், இரண்டு பேரும் லாலாங் புல்லில் கிடந்தார்கள். அண்ணன் அங்கேயே போய்விட்டார். பாக்கியம் அக்காவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

கண்ணையாவுக்குக் கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் ஊற்றியது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரிச் சுவர். நடுவில் ஒன்றுமே இல்லை.

வண்டியை ஓட்டியது யார்? யாரும் பார்க்கவில்லை. போலீஸ்காரர் வந்து கேட்டார். ஞாபகம் இல்லை என்றான். அப்படியே எழுதிக்கொண்டு போனார். அதோடு போலீஸ் விஷயம் முடிந்தது. தோட்டத்தில் முடியவில்லை. தண்ணிக் குழாயில், கடையில், கோயிலில், பார்க்கிறவர்கள் எல்லாரும் அவனிடம் அதையே கேட்டார்கள். பாக்கியம் அக்கா மட்டும் கேட்கவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் படத்தை நான் திரும்ப வாங்கப் போனபோது அவன் கொடுக்கவில்லை.

"இன்னொரு வாரம் இருக்கட்டும் வீடியோ."

"எத்தன தடவ பார்ப்ப?"

"பார்க்கிறேன்ல. என்ன உனக்கு?"

அடுத்த வாரமும் கொடுக்கவில்லை. மூன்றாவது வாரம் வாசலில் நின்றபடியே சொன்னான்:

"அவனுக்கும் ஞாபகம் இல்ல. ஆனா ஒத்துக்கிட்டான் பாரு. ஞாபகம் இல்லன்னு சொல்லித் தப்பிக்கல. அதான் மனுசன்."

நான் தலையாட்டினேன். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று தோட்டம் போக வேண்டும்.

அந்த வாரமே அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அண்ணி வீட்டு வாசலில் போய் நின்று, "நான்தான் ஓட்டினேன் அண்ணி" என்று சொல்லியிருக்கிறான். வெள்ளைச் சட்டை விஷயத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். பாக்கியம் அக்கா அவனை ஒரு நிமிடம் பார்த்தாராம். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாராம்.

அன்று சாத்தியதுதான்.

நடுவில் ஒரு முப்பத்தைந்து வருடம்

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஆட்கள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் சிதறினார்கள். கண்ணையா தொழிற்சாலை ஒன்றில் பெயிண்ட் டின் மூடும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளில் அதற்குப் பிறகு ஏறியதே இல்லை. ஓட்டவும் மாட்டான், பின்னால் உட்காரவும் மாட்டான். பஸ்தான். பஸ் இல்லாவிட்டால் நடை.

பாக்கியம் அக்காவும் மகளோடு பெர்மாஸ் ஜெயாவுக்கே வந்தார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் இரண்டு பேரும் இருப்பார்கள். அவர் இந்தக் கோடி, இவன் அந்தக் கோடி. மகள் இவனைச் சித்தப்பா என்று கூப்பிட்டுச் சாப்பாடு போடுவாள். அவள் பேசலாம். அம்மா பேசமாட்டார். அது ஒரு சட்டம் போல ஆகிவிட்டது. பந்தியில் உட்கார வைக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

நான் எங்கெங்கோ சுற்றிவிட்டு, இப்போது இதே ஊரில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவலாளி. கூண்டில் உட்கார்ந்து, கார் வந்தால் கம்பியைத் தூக்க வேண்டும். பகல் வேலை. கார் வராத நேரத்தில் போனில் பழைய படம் பார்ப்பேன்.

அப்படித்தான் ஒரு நாள் அந்தப் படம் வந்தது. யாரோ முழுப் படத்தையும் ஏற்றியிருந்தார்கள்.

கீழே எழுதியிருந்தவர்கள்

படத்துக்குக் கீழே ஊரே கூடி எழுதியிருந்தது. நான் படத்தைத் தொடாமல் முதலில் அதைத்தான் படித்தேன். எனக்கு எப்போதும் படத்தைவிட, பார்த்தவர்கள் சொல்வதில்தான் ருசி.

மனைவிதான் கொன்றாள், அவள் சேலை மாறியிருப்பதைக் கவனியுங்கள் என்று ஒருவர். சேலை மாறியதற்குப் படம் எடுத்தவர்களின் கவனக்குறைவுதான் காரணம், எங்கள் மாமா அந்தப் படத்தில் வேலை செய்தார் என்று இன்னொருவர். கொலையே நடக்கவில்லை, அவர் தானாக விழுந்தார் என்று ஒருவர். சமையல்காரனை ஏன் யாரும் சந்தேகப்படவில்லை என்று ஒருவர். அவருக்கு யாருமே பதில் சொல்லவில்லை. பாவம்.

அதற்கும் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "மூன்றாவது பாட்டில் வீணைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியைப் பாருங்கள். மாடிப்படியில் டாக்டர் ஏறுகிறார். மேனேஜர் விருந்தாளிகளுக்கு நடுவில் நாற்காலியில் தூங்குகிறார். படத்தில் ஒருவர் வாயாலும் இதைச் சொல்லவில்லை. பாட்டைப் பார்க்காதவருக்குப் படமே இல்லை."

இரண்டு கார் ஹாரன் அடித்தது. நான் கம்பியைத் தூக்கவில்லை. ஒரு சீனப் பெரியவர் இறங்கி வந்து கூண்டின் கண்ணாடியைத் தட்டினார்.

அவரை அனுப்பிவிட்டு மூன்றாவது பாட்டைப் போட்டேன். இருந்தது. ஒரு வாழைக்காய் அளவுக் கண்ணாடியில் சின்னதாக ஓர் ஆள் படியேறுகிறான். நாற்காலியில் மேனேஜர் வாயைத் திறந்து தூங்குகிறான். அவன் தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம். செத்த நேரத்தைப் படம் பிறகு ஓர் இடத்தில் சொல்கிறது. அதே நேரம்.

மேனேஜர் செய்யவில்லை. செய்யாததை ஒத்துக்கொண்டு படியேறிப் போகிறான். அதுதான் படமாம். பாலோ பக்கத்தில் அந்தப் படத்தை ஒருவரும் பார்த்ததில்லை. நான் பார்க்க விடவில்லை.

சொல்லவா வேண்டாமா

கண்ணையாவிடம் இதை எப்படிச் சொல்வது?

படத்தில் மேனேஜர் கொல்லவில்லை என்பதால் நிஜத்தில் கண்ணையா ஓட்டவில்லை என்று ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். நான் அவ்வளவு முட்டாள் இல்லை. ஆனால் அந்தக் கேசட் இல்லாவிட்டால் அவன் வெள்ளைச் சட்டை போட்டிருப்பானா? தெரியவில்லை. முழுக் கேசட்டைப் பார்த்திருந்தால்? அப்போதும் போட்டிருப்பானோ என்னவோ. இரண்டு நாள் இதையே யோசித்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்த மேனேஜர் படத்துல மூணாவது பாட்டுன்னு ஒண்ணு இருக்காம்."

"துப்பறியும் படத்துல பாட்டு எதுக்குடா?" என்றான். தே தாரிக்கைக் குடித்து முடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

இன்னொரு நாள் போனில் போட்டுக் காட்டலாம் என்று எடுத்தேன். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை என்றான். மூன்றாம் தடவை நானே எடுக்கவில்லை.

எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பழைய படக் குழு உண்டு. லோகா டீச்சர்தான் தலைமை. தமிழ்ப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் யாராவது பிழையாக எழுதினால் திருத்தி அனுப்புவார். அந்தக் குழுவில் இந்தப் படத்தைப் பற்றி மேனேஜரா டாக்டரா என்று ஒரு வாரம் சண்டை ஓடியது. பாலோக்காரர்களின் பிடிவாதம் டீச்சருக்குப் புரியவேயில்லை. "எல்லாரும் ஒண்ணா உக்காந்து பார்த்துடுவோம்" என்று கோயில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினார்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். நான்தான் வெட்டினேன் என்று அங்கேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் குறியை மட்டும் அனுப்பினேன். படமே அவனிடம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அது கோழைத்தனம்தான்.

பாக்கியம் அக்கா வருவார் என்று நான் நினைக்கவில்லை. மகளுக்கு அன்று அன்னதானச் சமையல். அம்மாவை வீட்டில் தனியாக விடாமல் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மண்டபத்தில் ஏர்கான் இருந்ததால் அக்கா உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடி

படம் ஓடியது. முதல் பாட்டுக்கும் இரண்டாவது பாட்டுக்கும் கண்ணையா கொட்டாவி விட்டான். "இவ்வளவு பாட்டா இருந்துச்சு?" என்றான். வசனம் வரும் இடத்தில் எல்லாம் அவன் உதடும் கூடவே அசைந்தது.

விருந்து வந்தது. வீணையை மடியில் வைத்தாள்.

"இது என்னடா? நம்ம கேசட்ல இவ வந்த உடனே அவர் விழுந்து கிடப்பாரே" என்றான்.

நான் திரையிலேயே கண்ணை வைத்திருந்தேன்.

பின்னால் இருந்த ஒருவர் ஜொகூர் பாருக்காரர். அவருக்குப் பொறுமை இல்லை. "பாலோக்காரங்கெல்லாம் கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க" என்றார்.

டாக்டர் படியேறினார்.

பாலோக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "இது எப்ப வச்சாங்க?" என்றார் ஒருவர். "இது வேற படம் லா" என்றார் இன்னொருவர். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் முகத்தோடு நின்றார்.

கண்ணையா எழுந்தான். "டீச்சர், கொஞ்சம் பின்னால போடுங்க."

போட்டார். டாக்டர் மறுபடி ஏறினார்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நாற்காலியில் தூங்கும் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தை அப்படியே நிறுத்தச் சொன்னான். என் பக்கம் திரும்பினான்.

"நம்ம கேசட்ல இது இருந்துச்சா?"

"இல்ல."

"ஏன் இல்ல?"

"நான்தான் எடுத்தேன். நாடா பத்தல."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நாடா பத்தல" என்று அவனும் ஒரு தடவை சொன்னான். வேறு பாஷையில் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்ப்பவன் போல.

"பார்த்துட்டா எடுத்த?"

"பார்க்கல. நம்பரப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அவன் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தான். கழிவறைக்குப் போகிறான் என்று எல்லாரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவன் முன்வரிசைக்குப் போனான். அந்தக் கோடிக்குப் போனான். பாக்கியம் அக்காவுக்கு எதிரே நின்றான். நான் எதற்கோ பின்னாலேயே போய் இரண்டாம் வரிசையில் நின்றுகொண்டேன்.

"அண்ணி" என்றான். "அன்னைக்கு யாரு ஓட்டுனதுன்னு எனக்குத் தெரியாது. அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. நான்தான்னு உங்ககிட்ட சொன்னேன். தெரியாமதான் சொன்னேன்."

மகள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

பாக்கியம் அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு எப்போதுமே அது வராது.

"அப்ப நான் இனிமே யாருகிட்ட பேசாம இருக்கிறது?" என்றார்.

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். வழி தெரியாமல் போனவர் பஸ் நிலையத்தில் கேட்பதுபோல் இருந்தது.

அவன் நின்றுகொண்டே இருந்தான். மண்டபத்தில் இருந்த முப்பது பேரும் அவர்களையே பார்த்தார்கள். திரையில் மேனேஜர் வாயைத் திறந்தபடி அப்படியே தூங்கிக்கொண்டிருந்தான். டீச்சருக்குத்தான் தாங்கவில்லை. "நிறுத்திடவா? இன்னொரு நாள் பார்க்கலாமா?" என்றார்.

"எதுக்கு? போடுங்க டீச்சர்" என்றார் பாக்கியம் அக்கா. "முடிவு பார்க்கணும்." பிறகு அவனைப் பார்க்காமல், "உக்காரு தம்பி. பின்னால மறைக்குது" என்றார்.

அவன் உட்கார்ந்தான். நடுவில் ஒரு நாற்காலி விட்டுத்தான்.

போலீஸ் ஸ்டேஷன் படி

மிச்சப் படத்தை நான் படமாகப் பார்க்கவில்லை. அவர்கள் இருவரின் தலைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர், யோசித்துப் பார், யோசித்துப் பார் என்றார். கண்ணையாவின் உதடு அசையவில்லை. மேனேஜர் குளித்தான். வெள்ளைச் சட்டை போட்டான். ஸ்டேஷன் படியில் கால் வைத்தான்.

"இவன் எதுக்குப் போறான்?" என்று கேட்டார் பாக்கியம் அக்கா, திரையைப் பார்த்தபடியே. "செய்யலயே."

"அவனுக்கு அது தெரியாதே அண்ணி."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே."

"சொன்னா யாரும் விடலயே. யாராவது ஒருத்தர் செஞ்சிருக்கணும்ல."

மேனேஜர் படி முழுவதும் ஏறி உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. எழுத்து ஓடியது. யாரோ விளக்கைப் போட்டார்கள். அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

"உங்க அண்ணன் வண்டிய யாருக்கும் குடுக்க மாட்டாரு" என்றார்.

"ஆமா அண்ணி. தொடவே விடமாட்டாரு."

"ஆனா குடிச்சா குடுப்பாரு."

"குடிச்சா குடுப்பாரு."

"அன்னைக்கு?"

"தெரியல அண்ணி."

பாக்கியம் அக்கா வெள்ளை வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இப்போது ஒன்றும் இல்லை.

"எனக்கும் தெரியல" என்றார்.